லிஃப்ட்காரர் சொன்ன முடிவுகள்

எங்கள் கட்டடத்து லிஃப்ட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்று யோசிக்கும். அது யோசித்து முடிக்கும்வரை உள்ளே இருப்பவர்களும் தங்கள் வாழ்க்கையைப் பற்றி யோசிக்கலாம். பிறகு லிஃப்ட்காரர் வருவார்.

அவர் நம்மோடு பேசும்போதெல்லாம் உடம்பு லிஃப்ட் குழிக்குள் இருக்கும். தலை மட்டும் தரைமட்டத்தில் தெரியும். கழுத்துவரை பூமிக்குள் இறங்கிய ஒரு மனிதர் அண்ணாந்து பார்த்துத் தன் குடும்பக் கதையைச் சொல்லும்போது குறுக்கே பேச யாருக்கும் மனசு வராது. நகர்ந்து போகவும் முடியாது. லிஃப்ட் ஓடவில்லையே, எங்கே போவது? இந்தக் கதை எனக்கு அப்படித் தவணை தவணையாகக் கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் நான் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "எப்ப சரியாகும்?" அதற்கு மட்டும் அவர் நேரடியாகப் பதில் சொன்னதில்லை.

அவர் வேலை பார்த்த கம்பெனியில் புகார் போனை எடுப்பதற்கு ஒரு பெண் இருந்தார். லிஃப்ட் நடுவழியில் நின்றால் உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் அந்தக் குரல் வரும். "பயப்படாதீங்க. ஆள் வந்துட்டே இருக்கார்." ஆள் அந்த நேரத்தில் ஊரின் மறுகோடியில் இன்னொரு கட்டடத்து வாசலில் டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். அந்தக் குரலில் அதெல்லாம் தெரியாது. அவர் கூப்பிடு தூரத்தில், கையில் ஸ்பானரோடு ஓடி வருவதுபோலத்தான் தெரியும். மெக்கானிக்குகள் அத்தனை பேரும் அந்தப் பெண்ணை 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள். நம் லிஃப்ட்காரர் பின்னாளில் தாலி கட்டிய பிறகும், மகள் பிறந்த பிறகும், அப்படியேதான் கூப்பிட்டார்.

ஒரு நாள் மேடம் அவரிடம் போனில் கேட்டாராம்: "மாட்டிக்கிட்டவங்கதான் கூப்பிடுறாங்க. வெளிய வந்தவங்க ஒருத்தராவது கூப்பிட்டு, வந்துட்டேன்னு சொல்றாங்களா பாருங்க. எனக்கு எல்லாக் கதையும் பாதிதான் தெரியுது."

நியாயமான குறைதான். தினமும் பத்துக் கதையின் ஆரம்பத்தைக் கேட்டு, ஒன்றின் முடிவும் தெரியாமல் வீட்டுக்குப் போகிற உத்தியோகம். அன்று முதல் லிஃப்ட்காரர் ஒவ்வொரு வேலையையும் முடித்துவிட்டு அவருக்குப் போன் போட ஆரம்பித்தார்.

"மேடம், காலைல அழுதாங்களே ஒரு அம்மா, வெளிய எடுத்தாச்சு."

"நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க. வந்ததும் சிரிச்சாங்க. போன்ல பேசின பொண்ணு மகராசியா இருக்கணும்னு சொன்னாங்க."

உண்மையில் அந்த அம்மாள் வெளியே வந்ததும் செய்த முதல் காரியம், கையிலிருந்த பையால் இவர் தலையில் ஒன்று போட்டதுதான். பைக்குள் என்ன இருந்ததோ, மண்டை வீங்கிவிட்டது. இவர் ஒரு கையால் வீக்கத்தைத் தேய்த்துக்கொண்டே மறு கையால் போனைப் பிடித்து மேற்படி ஆசீர்வாதத்தைச் சொன்னார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். இவர் ஒரு பொய்யிலேயே காரியத்தை முடித்துவிட்டார். மிச்சம் தொள்ளாயிரத்துச் சொச்சத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டார்.

அந்த மிச்சமெல்லாம் சினிமாவுக்குச் செலவாயிற்று.

மேடத்துக்குப் படம் என்றால் உயிர். ஆனால் கடைசிப் பத்து நிமிடம் பார்க்க மாட்டார். நெஞ்சு படபடக்கும். தியேட்டர் காலத்தில், கதாநாயகனும் வில்லனும் ஒரே இடத்துக்கு வந்து சேருகிற கட்டம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். லிஃப்ட்காரர் உள்ளே உட்கார்ந்து மீதியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கூட்டத்தோடு வெளியே வந்தால் தூணோரம் மேடம் நிற்பார். "என்ன ஆச்சு?"

நல்ல முடிவாக இருந்தால் பிரச்சினை இல்லை. சோக முடிவாக இருந்தால், வரிசையிலிருந்து எழுந்து வாசலுக்கு நடந்து வருகிற அந்த நேரத்துக்குள் இவர் வேறு முடிவு கட்ட வேண்டும். கட்டினார். மலையிலிருந்து விழுந்தவன் கீழே மரத்தில் மாட்டிக்கொண்டான். விஷம் குடித்தவள் குடித்தது வெறும் கஷாயம். போருக்குப் போனவன் தப்பான ரயிலில் ஏறி, போர் நடக்காத ஊரில் இறங்கினான். டைரக்டர்கள் கஷ்டப்பட்டுச் சாகடித்த ஆட்களையெல்லாம் இந்த மனுஷர் தியேட்டர் படிக்கட்டில் வைத்துப் பிழைக்க வைத்துக்கொண்டிருந்தார். சம்பளம் கிடையாது. டிக்கெட் காசும் இவருடையதுதான்.

மகள் வளர்ந்து, வேலை கிடைத்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். மேடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அந்த இடத்தில் கம்பெனி ஒரு பதிவு செய்த குரலை வைத்தது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று அது சொல்லும். பொய் என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடுவதால் யாரும் ஏமாறுவதில்லை. அந்த அளவில் நேர்மையான இயந்திரம்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் மேடத்துக்கு ரத்தத்தில் கோளாறு என்றார்கள். வாரம் ஒரு முறை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற வேண்டும். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழலாம். அந்த அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பை. போனுக்குச் சிக்னல் கிடையாது. சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைத் தவிர வேறு எதுவும் நகராத இடம்.

மகள் வந்து பார்த்தாள். ஊருக்குத் திரும்பும்முன் தொடுதிரை டேப் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். பள்ளிக்கூடச் சிலேட் அளவு இருக்கும். அதில் எப்படிப் படத்தை வாடகைக்கு எடுப்பது, வீட்டிலேயே எப்படி இறக்கி வைத்துக்கொள்வது என்று அப்பாவுக்குப் பாடம் நடத்தினாள்.

"அப்பா, இது வாடகைதான். எடுத்து ஒரு மாசம் வரைக்கும் தொடாம வச்சிருக்கலாம். ஆனா ஒரு தடவை ப்ளே அழுத்திட்டீங்கன்னா ரெண்டு நாள்தான். அதுக்கப்புறம் படம் தானா பூட்டிக்கும்."

"அதெப்படி? வீட்டுக்காரனே காலி பண்ணச் சொன்னா ஒரு மாசம் டைம் குடுப்பானே."

"இவங்க குடுக்க மாட்டாங்க. அதனால ஆஸ்பத்திரில அம்மா கையில குடுத்தப்புறம்தான் அழுத்தணும். அதுக்கு முன்னாடி நோண்டக் கூடாது. புரியுதா?"

"நான் என்னைக்கும்மா நோண்டியிருக்கேன்?"

"அப்பா. நம்ம வீட்டு மிக்சி, ரேடியோ, என் சைக்கிள்."

லிஃப்ட்காரர் பேச்சை மாற்றினார்.

இங்கே அவர் தொழில் தர்மம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழுது பார்த்த லிஃப்ட்டில் அவர் உடனே ஆளை ஏற்ற மாட்டார். முதலில் வெறும் பெட்டியைக் கீழே அனுப்பி, மேலே வரவழைத்து, கதவு திறந்து மூடுவதைப் பார்த்த பிறகுதான் "ஏறுங்க" என்பார். வெறும் ஓட்டம் என்று அதற்குப் பெயர். யார் எவ்வளவு அவசரப்பட்டாலும் வெறும் ஓட்டம் ஓட்டாமல் விட்டதில்லை. படத்துக்கும் அதையே செய்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாள் காலையில் ப்ளேயை அழுத்தி, படம் வருகிறதா, சத்தம் வருகிறதா என்று அரை நிமிடம் பார்த்து மூடுவார். மேடம் கையில் கொடுத்த பிறகு அது ஓடாமல் போய்விட்டால்? அந்த அடித்தளத்தில் என்ன செய்வது? காலையில் அழுத்தி, அன்றே பார்த்து முடித்துவிடுவதால் இரண்டு நாள் கெடு அவர்களை ஒன்றும் செய்யவில்லை.

அந்த நாற்காலியில் வாரம் ஒரு படம். இயர்போனில் ஒரு முனை மேடத்தின் வலது காதில், மறுமுனை இவருடைய இடது காதில். பக்கத்து நாற்காலியில் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர். அவருக்கும் அதே கிழமைதான். சத்தம் கேட்காமலேயே எட்டி எட்டிப் படம் பார்ப்பார்.

"அவன்தானே கொலைகாரன்?"

"இது காதல் படம் சார்."

"காதல்னா கொலை பண்ண மாட்டானா? எங்க ஆபீஸ்ல ஒருத்தன்..."

"சார், உங்க மருந்து தீரப்போகுது, நர்ஸைக் கூப்பிடுங்க," என்பார் மேடம். மருந்து தீர்ந்திருக்காது.

கடைசிப் பத்து நிமிடம் வந்ததும் மேடம் நிறுத்திவிட்டு டேப்பை இவரிடம் நீட்டுவார். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். இவர் பார்த்துவிட்டுச் சொல்வார். அந்தச் சில மாதங்களில் படத்தில் செத்த ஒருவர்கூட இவர் சொன்ன முடிவில் சாகவில்லை. முன்பாவது பத்துக்கு ஒன்றிரண்டை நம்பும்படியாகச் சாக விடுவார். இப்போது அந்தச் சலுகையையும் நிறுத்திவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் மருந்து. காலையில் அவசர வேலை ஒன்று இருக்கும் என்று கம்பெனியிலிருந்து சொன்னதால், வெறும் ஓட்டத்தைச் செவ்வாய் மதியமே முடித்து வைத்தார். புதன்கிழமை போனால், ரத்த அளவு குறைவாக இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வியாழன் காலை மறுபடி போனார்கள். செவ்வாய்க்கிழமை அழுத்திய ப்ளே அவருக்கு நினைவில் இல்லை. எத்தனையோ லிஃப்ட்டுக்கு எத்தனையோ வெறும் ஓட்டம் ஓட்டியவர்; அதையெல்லாமா நினைவில் வைத்திருப்பார்?

அன்றைய படத்தில் ஒரு கப்பல் சமையல்காரன். துறைமுகத்தில் கண்ணாடிச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு பெண். அவன் ஒவ்வொரு முறை கரைக்கு வரும்போதும் அவள் கடையில் ஒரு தம்ளர் வாங்குவான். அடுத்த முறை வந்து, கப்பல் ஆடியதில் உடைந்துவிட்டது என்று சொல்லி இன்னொன்று வாங்குவான். மேடத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "ஒண்ணுகூட உடைஞ்சிருக்காதுங்க. பெட்டில அடுக்கி வச்சிருப்பான் பாருங்க." பிறகு புயல் வந்தது. கப்பலைப் பற்றிச் செய்தி இல்லை. அந்தப் பெண் கடையைப் பூட்டாமலே துறைமுகத்தைப் பார்த்து ஓடினாள்.

அந்த நேரத்தில் நர்ஸ் வந்து, "டாக்டர் உங்களைக் கூப்பிடுறார், மேல போய்ட்டு வாங்க," என்றாள். இவரை மட்டும்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மருந்து வேலை செய்யவில்லை. இதற்கு மேல் ஏற்றினால் வேதனைதான் மிச்சம். வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வேற ஏதாவது மாத்திப் பாக்கலாமா சார்?" என்று கேட்டார் லிஃப்ட்காரர். மோட்டார் போனால் மோட்டாரை மாற்றலாம், கம்பி போனால் கம்பியை. மாற்றவே முடியாது என்ற ஒன்றை அவர் தொழிலில் பார்த்ததில்லை.

டாக்டர் தலையை ஆட்டினார். "நீங்களே சொல்றீங்களா? நான் வந்து சொல்லட்டுமா?"

"நான் சொல்லிக்கிறேன் சார். எப்பவும் நான்தான் சொல்லுவேன்."

லிஃப்ட்டில் போகாமல் படியில் இறங்கினார். ஒரு முடிவு கட்டுவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். தியேட்டர் படிக்கட்டில் எத்தனை முறை செய்தது! மரத்தில் மாட்டிக்கொண்டவன், கஷாயம் குடித்தவள், தப்பான ரயில். அடித்தளத்துக்கு வந்து சேர்வதற்குள் கட்டிவிட்டார்: இன்னும் இரண்டு மூன்று முறை ஏற்றினால் போதும், பிறகு மாத்திரைதான். நம்பும்படியாகத்தான் இருந்தது.

மேடம் டேப்பை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். டாக்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இந்தாங்க. கப்பல் வந்துச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் பேச்சை எடுப்பதற்குள் பத்து நிமிடம் கிடைத்ததே என அதை வாங்கிக்கொண்டார். இயர்போனைக் காதில் செருகி, திரையைத் தொட்டார். 'வாடகைக் காலம் முடிந்தது. மீண்டும் வாடகைக்கு எடுக்கவும்.' அப்போதுதான் செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது.

சிக்னல் இல்லாத இடத்தில் மறுபடி எடுக்கவும் வழியில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? பார்த்தார். அந்த ஒற்றை வரியையே படம் பார்ப்பதுபோல் உட்கார்ந்து பார்த்தார். நடுவில் ஒரு முறை புருவத்தை உயர்த்தினார். ஒரு முறை புன்னகைத்தார். பக்கத்து நாற்காலிப் போஸ்ட்மாஸ்டர் வழக்கம்போல் எட்டிப் பார்த்தார். பூட்டிய திரையைப் பார்த்தார். அதன் முன்னால் சிரித்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், சொல்லாமல் மூடிக்கொண்டு, தூங்குவதுபோல் கண்ணையும் மூடிக்கொண்டார். வாழ்நாளில் அவர் சொல்லாமல் விட்ட ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும்.

"முடிஞ்சுதா?" என்றார் மேடம், முகத்தைத் திருப்பாமலே.

"முடிஞ்சுது. கப்பல் வந்துடுச்சு."

"அவன்?"

"வந்துட்டான். பெட்டியோட இறங்குறான். பெட்டியைத் திறந்தா, நீ சொன்ன மாதிரியே அத்தனை தம்ளரும் உடையாம இருக்கு. லேசா மழை பெய்யுது. ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க."

"மழையா. நல்லாருக்கே." சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "டாக்டர் என்ன சொன்னார்?"

"நல்லாத்தான் சொன்னார். இன்னும் ரெண்டு மூணு தடவை ஏத்தினா போதுமாம். அப்புறம் மாத்திரைதானாம்."

மேடம் இப்போது திரும்பினார். அவரையே பார்த்தபடி, பல வருஷங்களாக எடுக்காத ஒரு குரலை எடுத்தார். அசங்காத, இதமான, சம்பளம் வாங்கிய குரல்.

"பயப்படாதீங்க. ஆள் வந்துட்டே இருக்கார்."

லிஃப்ட்காரர் காதிலிருந்து இயர்போனை எடுத்தார். "என்ன மேடம்?"

"நான் அந்தக் குரல்லயே பேசிப் பொழைச்சவ. எனக்கே அதைப் போட்டுக் காட்டுறீங்களே."

"அப்ப... படமெல்லாம்?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஒரு அம்மா உங்களைப் பையால அடிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? அவங்க அன்னிக்குச் சாயங்காலமே எனக்கு போன் பண்ணி அரை மணி நேரம் திட்டினாங்க. 'உங்க ஆளை மண்டைல போட்டேன், உன்னையும் போடணும்'னாங்க. வெளிய வந்து என்னைக் கூப்பிட்ட ஒரே ஆளு அவங்கதான்."

"அப்புறம் ஏன் கேட்டுக்கிட்டே இருந்தே? இத்தனை வருஷம்?"

"கேக்க நல்லா இருந்துச்சு," என்றார் மேடம். "கல்யாணத்துக்கு வேற காரணம் என்ன இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க? உங்க மூஞ்சியா?"

போஸ்ட்மாஸ்டரின் மூடிய கண்கள் லேசாகத் துடித்தன.

பிறகு மேடம் ஊசி குத்தாத கையால் அவர் சட்டை நுனியைப் பிடித்தார். "இன்னிக்கு மட்டும் வேணாம்ங்க. உள்ள மாட்டிக்கிட்டவங்க என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. நான் அதை யாருக்கும் நேரா சொன்னதில்ல. நீங்க சொல்லுங்க. ஆள் கிளம்பிட்டாரா, இல்லையா?"

லிஃப்ட்காரர் கம்பத்தில் தொங்கிய பையைப் பார்த்தார். சொட்டைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"கிளம்பல," என்றார்.

"சரி."

சட்டையை விடவில்லை. மேடம், "கப்பல்?" என்றார்.

"தெரியல மேடம். படம் பூட்டிக்கிச்சு. செவ்வாய்க்கிழமையே நான் ஒரு வெறும் ஓட்டம் விட்டுட்டேன்."

மேடம் சிரிக்க ஆரம்பித்தார். மருந்துக் குழாய் ஆடும் அளவுக்குச் சிரித்தார். நர்ஸ் ஓடி வந்து, "இவ்வளவு சிரிக்கக் கூடாதும்மா," என்று அதட்டினாள். "இனிமே சிரிச்சா என்னம்மா?" என்று மேடம் கேட்டார். நர்ஸ் ஆடிய குழாயை நேராக்கிவிட்டுப் போனாள்.

வீட்டுக்குப் போன பிறகும் படங்கள் வாடகைக்கு வந்தன. ஆனால் ஆரம்பங்களை மட்டும்தான் பார்த்தார்கள். ஒருவன் ஊருக்குள் வருவான், ஒருத்தி ஜன்னலைத் திறப்பாள், பழக்கம் ஏற்படும், மேடம் நிறுத்திவிடுவார். "போதும். இதுவரைக்கும் எல்லாரும் நல்லா இருக்காங்க." பாதிப் படத்துக்கு முழு வாடகையா என்று மச்சினர் ஒருவர் வந்தபோது கேட்டாராம். மேடம் பார்த்த பார்வையில் அவர் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

கப்பல் படத்தை மட்டும் மறுபடி எடுக்க விடவில்லை. "அது இருக்கட்டும். அதை நான் இல்லாதப்ப பாத்துக்குங்க. பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க. ஆனா இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொல்லணும். செத்தா செத்தான். மரத்துல மாட்டிக்கிட்டான், கஷாயம் குடிச்சான்னு ஆரம்பிக்கக் கூடாது."

"சரி மேடம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஒரு பகல் பொழுதில், ஒரு படத்தின் ஆரம்பத்துக்கு நடுவில், மேடம் போய்விட்டார். இயர்போனின் ஒரு முனை அவர் காதில் இருந்தது. மறுமுனையில் இவர், திரையில் ஓடிய ஒரு நகைச்சுவைக்குச் சிரித்துவிட்டு, கூடச் சிரிக்கும் சத்தம் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்திருக்கிறார்.

இதை எங்கள் லிஃப்ட் குழிக்குள் நின்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு, "அந்த ஸ்குரூ டிரைவரை எடுங்க சார்," என்றார். எடுத்துக் கொடுத்தேன். தலை தரைக்குக் கீழே போய்விட்டது. வெகுநேரம் மேலே வரவில்லை.

அதன் பிறகு அவர் அந்தக் கப்பல் படத்தை வாடகைக்கு எடுத்தார். எடுத்து, தொடாமல் வைத்திருந்தார். ஒரு மாதம் ஆனதும் அது தானாகவே போய்விட்டது. மறுபடி எடுத்தார், மறுபடி போயிற்று. கணக்கு மகளின் பெயரில் இருந்ததால் அவளுக்குச் செய்தி போய்க்கொண்டே இருந்தது. போன் பண்ணிவிட்டாள்.

"அப்பா, ஒரே படத்தை எத்தனை தடவை வாடகைக்கு எடுப்பீங்க? விலைக்கே வாங்கித் தரேன். எப்ப வேணா பாத்துக்கலாம்."

"வேணாம்மா. எப்ப வேணா பாத்துக்கலாம்னா நான் பாக்கவே மாட்டேன்."

மகள் போனை வைத்துவிட்டாள். அவளுக்கும் அந்தச் சத்தியம் தெரியும். பார்க்காமல் இருக்கும்வரை சமையல்காரன் கடலில் எங்கேயோ உயிரோடு இருந்தான். பார்த்துவிட்டு, ஒருவேளை அவன் செத்திருந்தால், அதை மேடத்திடம் உள்ளபடி சொல்ல வேண்டும். செத்தவர்களிடம் செத்தான் என்று சொல்வது எளிது என்று நமக்குத் தோன்றும். அவருக்கு அப்படித் தோன்றவில்லை.

போன வாரம் எங்கள் லிஃப்ட் மறுபடி யோசிக்க ஆரம்பித்தது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பதவியை எல்லாரும் சேர்ந்து என் தலையில் கட்டியிருப்பதால் மொட்டைமாடிச் சாவி என்னிடம் இருக்கிறது. கோளாறு இந்தத் தடவை மேலே மோட்டார் அறையில் என்றார் லிஃப்ட்காரர். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். மத்தியானம் திரும்பப் போனபோது வேலை முடிந்திருந்தது. மோட்டாருக்குப் பக்கத்தில், தலைகீழாகக் கவிழ்த்த பெயிண்ட் டப்பாவின் மேல், மடியில் டேப்போடு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"சார், வந்துட்டான் சார்," என்றார்.

"யாரு?"

"சமையல்காரன். கப்பல் வந்துடுச்சு சார். நிஜமாவே வந்துடுச்சு."

முந்தாநாள் மதியம் எப்படியோ ப்ளேயை அழுத்திவிட்டார். விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று திரை கேட்டதாம். மேடம் விரல் வைத்து நிறுத்திய இடம். தொடர் என்று அழுத்தினார். அந்தப் பெண் துறைமுகத்துக்கு ஓடி வந்தாள். கப்பல் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள், அவனைக் காணோம். கடைசியில் தாடியோடு ஒருவன் இறங்கினான். அவள் வேறு யாரோ என்று நினைத்துத் திரும்பி நடந்தாள். அவன் பின்னால் நின்று லேசாக இருமினான். அவ்வளவுதான், படம் முடிந்தது. அன்றிலிருந்து அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"தம்ளர்?" என்றேன். எனக்கும் ஞாபகம் இருந்தது.

"தம்ளரைக் காட்டவே இல்ல சார். மழையும் இல்ல. நானே இதைவிட நல்லா முடிச்சிருப்பேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஆனா உள்ளதை உள்ளபடிதான் சொல்லணும்."

"சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். வீட்ல அவ போட்டோவுக்கு முன்னாடி நின்னு சொன்னேன். அவ நம்ப மாட்டா சார். கப்பல் வந்துடுச்சுன்னு அன்னிக்கே பொய் சொல்லிட்டேனே. இப்ப அதையே நிஜம்னு சொன்னா எப்படி நம்புவா? நீங்களே பாருங்க, யாராவது ஒருத்தர் பாத்தாத்தான்..."

டேப்பை என் பக்கம் திருப்பித் திரையைத் தொட்டார். 'வாடகைக் காலம் முடிந்தது. மீண்டும் வாடகைக்கு எடுக்கவும்.'

இருவரும் அந்த வரியைப் பார்த்தோம்.

"இப்பதான் சார் முடிஞ்சிருக்கு. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிகூட ஓடுச்சு."

"நான் நம்புறேன்," என்றேன்.

தலையைச் சாய்த்து என் குரலில் பொய் உண்டா என்று ஒரு கணம் காதுக்குள் வைத்துப் பார்த்தார். அந்தப் பழக்கத்தை எங்கிருந்து கற்றுக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"சரி," என்றார். டேப்பைத் துணியில் சுற்றிக் கருவிப் பைக்குள் வைத்தார். சாப்பாட்டுப் பொட்டலத்தையும் வைத்தார். மேல் தளத்துக்கு இறங்கி வந்து லிஃப்ட் கதவருகே நின்றோம். எனக்கு அவசரம். உள்ளே கால் வைக்கப் போனேன். கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க சார். வெறும் ஓட்டம் விடணும்."

பொத்தானை அழுத்தினார். கதவு மூடி, வெறும் பெட்டி கீழே போகும் சத்தம் கேட்டது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஒரு கணம் தயங்கியதுபோல் இருந்தது. அடியைத் தொட்டது. பிறகு மேலே ஏறும் சத்தம்.

வந்தது. கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை.

"ஏறுங்க," என்றார்.